ஆகாயத்தில் ஒரு துபாஷி

துபாஷி உத்தியோகம் ஒரு காலத்தில் நம் பக்கத்தில் பெரிய உத்தியோகம். புதுச்சேரியில் டூப்ளெக்ஸ் துரைக்கு ஆனந்தரங்கம் பிள்ளை துபாஷியாக இருந்தார். துரைமார்களுக்குத் தமிழ் வராது. ஊராருக்குப் பிரெஞ்சு வராது. நடுவில் நிற்கிறவர் சொன்னதுதான் இரண்டு தரப்புக்கும் வேதம். அதில் ஒரு வார்த்தை பிசகினால் வியாபாரம் கெடும், மனஸ்தாபம் வரும். மறுநாள் காலையில் வெற்றிலைத் தட்டோடு போய்ச் சரிசெய்துகொள்ளலாம். மறுநாள் என்பதே இல்லாத இடத்தில் துபாஷியை உட்கார்த்தி வைத்தால் என்ன ஆகும்? அதற்கும் நம் தேசத்தில் ஒரு சரித்திரம் இருக்கிறது.

1996 நவம்பர் 12. சாயங்காலம் 6.32க்கு ஸவுதி அரேபியாவின் போயிங் 747 விமானம் டில்லியிலிருந்து கிளம்பியது. அதில் 312 பேர். பிழைப்பைத் தேடிக் கடல் கடந்து போகிறவர்கள் அதில் ஏராளம். அதே நேரத்தில், கஜகஸ்தானின் இல்யூஷின் 76 விமானம் ஒன்று ஷிம்கென்ட் நகரத்திலிருந்து வந்து, டில்லியில் இறங்குவதற்காகத் தாழ்ந்துகொண்டிருந்தது. அதில் 37 பேர். டில்லிக் கடைத்தெருவில் சாமான் வாங்கிப் போக வந்தவர்கள் பலர்.

அந்த நாளில் டில்லியைச் சுற்றியுள்ள ஆகாயத்தில் பெரும்பகுதி ராணுவத்தின் வசம் இருந்தது. ஆகையால் போகிற விமானத்துக்கும் வருகிற விமானத்துக்கும் ஒரே பாதை. வரப்பில் எதிரெதிரே வருகிற இரண்டு பேர் பக்கத்தில் ஒதுங்குவார்கள். இங்கே மேலும் கீழுமாக ஒதுங்கவேண்டும். கண்ட்ரோல் அறை அதிகாரி அப்படித்தான் உத்தரவு கொடுத்தார். இறங்குகிற விமானம் 15,000 அடியில் நிற்கவேண்டும். ஏறுகிற விமானம் 14,000 அடியில் நிற்கவேண்டும். நடுவே 1,000 அடி. விதிப்படி அது போதும்.

ஆனால் அந்த 1,000 அடியை அவர் பார்க்க முடியாது. அன்று அவர் முன்னால் இருந்த ராடார், விமானம் எந்தத் திசையில் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று காட்டும், உயரத்தைக் காட்டாது. உயரத்தையும் விமானத்திடமே கேட்டுத் திரையில் காட்டுகிற ராடார் டில்லியில் இன்னும் உபயோகத்துக்கு வரவில்லை. விமானத்திலிருந்து என்ன சொல்கிறார்களோ அதுதான் உயரம்.

15,000 அடிக்கு வந்துவிட்டோம் என்று இல்யூஷினிலிருந்து குரல் வந்தது. எதிரே ஒரு 747 வருகிறது, கண்ணில் பட்டால் சொல்லுங்கள் என்றார் அதிகாரி. எத்தனை மைல் என்று குரல் கேட்டது. 14 மைல் என்றார். உடனேயே, 13 மைல், அதன் உயரம் 14,000 அடி என்றார்.

அந்தக் குரல் விமானியுடையதில்லை. இல்யூஷினின் முன்பகுதியில் ஐந்து பேர் வேலை செய்வார்கள்: இரண்டு விமானிகள், வழி கணிப்பவர், எஞ்சினியர், ரேடியோக்காரர். தரையோடு இங்கிலீஷில் பேசுவது ரேடியோக்காரர் பொறுப்பு. விமானிகளுக்கு இங்கிலீஷ் போதாது. அவர் சொன்னால்தான் உத்தரவு புரியும். அவருக்கோ உயரம் காட்டும் கருவி முன்னால் கிடையாது. விமானிகளின் தோளுக்கு மேலாக எட்டித்தான் பார்க்கவேண்டும். பாஷை தெரிந்தவருக்கு முள் தெரியவில்லை. முள்ளுக்கு நேரே உட்கார்ந்தவருக்குப் பாஷை தெரியவில்லை. கதை எழுதுகிற நான் இப்படி ஓர் அமைப்பைக் கற்பனை செய்திருந்தால், ஜோடனை அதிகம் என்று அடித்துவிட்டிருப்பேன்.

15,000 என்று சொன்ன அந்த நேரத்தில் விமானம் 14,500 அடியில் இருந்தது. இன்னும் இறங்கிக்கொண்டும் இருந்தது. மேகத்துக்குள் காற்று உலுக்கித் தள்ளிவிட்டது என்பது கஜகஸ்தான் தரப்பின் வாதம். மீட்டரில் எண்ணிப் பழகியவர்கள் அடிக் கணக்கில் தடுமாறினார்கள் என்றும் ஒரு பேச்சு. விசாரித்த நீதிபதி லஹோதி, 2004இல் இந்தியாவின் தலைமை நீதிபதியானாரே, அவர்தான். கொடுத்த உயரத்தைவிட்டு இறங்கியது கஜகஸ்தான் விமானியின் பிழை, அதற்கு மூலம் இங்கிலீஷ் போதாமை என்று அவருடைய கமிஷன் முடிவு சொன்னது. என் மனசில் ஒன்று உறுத்துகிறது. பாஷை அரைகுறையாய்த் தெரிந்தவன் காதில் வினைச்சொல் தங்காது, எண்தான் தங்கும். அந்தச் சில விநாடிகளில் அவர்கள் காதில் 14 என்பதுதான் அடிக்கடி விழுந்திருக்கிறது. இது என் ஊகம், அவ்வளவுதான்.

கடைசியில் ரேடியோக்காரர் முள்ளைப் பார்த்துவிட்டார். மேலே ஏற்றுங்கள் என்று பதறினார். விமானி எஞ்சின்களுக்கு முழு வேகம் கொடுத்து விமானத்தை மேலே தூக்கினார். தூக்கிய இல்யூஷினின் வால் போயிங்கின் இடது இறக்கையை அறுத்துக்கொண்டு போயிற்று. தூக்காமலே இருந்திருந்தால் போயிங்குக்கு அடியில் நுழைந்து தப்பியிருக்கும் என்கிறார்கள். அந்த மாலையில் துபாஷி சொன்ன சரியான வார்த்தை அது ஒன்றுதான்.

போயிங் கிளம்பி எட்டே நிமிஷம் ஆகியிருந்தது. அந்தப் பக்கமாக வந்த ஓர் அமெரிக்க ராணுவ விமானி, மேகம் உள்ளிருந்து செக்கச் செவேலென்று ஒளிர்ந்ததைப் பார்த்தார். ஹரியானாவில் சர்க்கி தாத்ரியை அடுத்த வயல்களில் போயிங்கும், பிரோஹர் கிராமத்தருகே இல்யூஷினும் விழுந்தன. சிலர் இடிபாடுகளில் மூச்சோடு கிடந்தார்கள், அவர்களும் பிழைக்கவில்லை. மொத்தம் 349 பேர். நடுவானில் விமானங்கள் மோதிய விபத்துகளில் இவ்வளவு உயிர்கள் போனது வேறெதிலும் இல்லை.

அதன் பிறகு டில்லியில் போக ஒரு பாதை, வர ஒரு பாதை என்று பிரித்தார்கள். எதிரே வரும் விமானத்தைத் தானே கண்டுகொண்டு, ஏறு, இறங்கு என்று விமானியை எச்சரிக்கும் கருவியை நம் சர்க்கார் கட்டாயமாக்கிற்று. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து ஸ்தாபனம் பாஷைக்கே ஒரு பரீட்சை வைத்தது; 2008 முதல் அது அமலில் இருக்கிறது. எழுதிக் காட்டினால் போதாது, பேசிக் காட்டவேண்டும். புதிய பிரயாணி விமானங்களை ஓட்டுகிறவர்கள் இரண்டே பேர். தரையோடு பேசுவதும் அவர்களில் ஒருவர்தான். ரேடியோக்காரருக்கென்று தனி ஆசனம் கிடையாது.