வோகல் பூங்கா: உழைப்பால் மீண்ட மலைக்காடு

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து வடபகுதியில், அப்பலாச்சியன் மலைத்தொடரின் தென்பகுதியில், 4,458 அடி உயரமுள்ள பிளட் மவுண்டனின் அடிவாரத்தில் வோகல் மாநிலப் பூங்கா இருக்கிறது. மொத்தப் பரப்பு 233 ஏக்கர்தான். அதற்குள் 22 ஏக்கரில் டிராலிட்டா ஏரி. இலையுதிர் காலத்தில் மலைச்சரிவின் சிவப்பும் மஞ்சளும் நீரில் விழும் காட்சிக்காகக் கூட்டம் திரள்கிறது. பயண ஏடுகள் அதை இயற்கையின் கொடை என்று புகழ்கின்றன. அந்தப் புகழ்ச்சி வரலாற்றோடு பொருந்தவில்லை. அங்கே தேங்கி நிற்கும் நீர், நிற்கும் மரம், மேயும் மான் எல்லாமே ஒருகாலத்தில் இல்லாமலிருந்தவை, அல்லது அழிந்துபோய்த் திரும்பக் கொண்டுவரப்பட்டவை. வோகல் ஒரு பொதுப்பணி. கிணறு, பாலம், பள்ளிக்கூடம் போல மக்கள் வரிப்பணத்தாலும் உடலுழைப்பாலும் உருவானது. அப்படி ஏற்றுக்கொண்டால் அதன் மதிப்புக் குறைந்துவிடாது. அதைக் காக்க வேண்டிய பொறுப்பு யாருடையது என்பதும் அப்போதுதான் தெளிவாகும்.

பூங்காவின் பெயரிலிருந்தே தொடங்கலாம். வோகல் என்பது மலையின் பெயருமல்ல, பழங்குடித் தலைவரின் பெயருமல்ல. விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கி நகரில் தோல் பதனிடும் தொழில் நடத்திய குடும்பத்தின் பெயர். பிஸ்டர் அண்ட் வோகல் நிறுவனத்துக்கு வட ஜார்ஜியாவில் பல்லாயிரம் ஏக்கர் காடு சொந்தமாக இருந்தது. அவர்களுக்கு வேண்டியிருந்தது மரத்தின் பட்டை. நம் ஊர்த் தோல் தொழிலுக்கு ஆவாரம்பட்டை எதற்குப் பயன்பட்டதோ, அதற்குத்தான் அங்கே ஓக், ஹெம்லாக் மரங்களின் பட்டையும் பயன்பட்டது: அதிலுள்ள டானின் என்னும் துவர்ப்பொருள் பச்சைத் தோலை அழுகாத தோலாக மாற்றும். வசந்தத்தில் மரத்தில் சாறு ஏறும்போது பட்டை எளிதாக உரிந்து வரும். அந்தச் சில வாரங்களில் மரத்தை வெட்டிச் சாய்த்து, பட்டையைப் பாளம் பாளமாக உரித்து, காயவைத்து ஏற்றினார்கள். இந்தத் தொழில் நடந்த பல மலைகளில், உரித்த அடிமரத்தை இழுத்துச் செல்வது கட்டுபடியாகாமல் அங்கேயே மக்கவிட்டார்கள். முதல் உலகப்போரை ஒட்டிச் செயற்கைப் பதனீட்டுப் பொருள்கள் வந்தபின் பட்டைக்குத் தேவை போயிற்று. பிரெட் வோகல், ஆகஸ்ட் வோகல் சகோதரர்கள் 1920களின் பிற்பகுதியில் ஒரு சிறு பகுதியை மாநிலத்துக்குக் கொடையாகத் தந்தார்கள். கொடை கொடைதான், அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனாலும், லாபம் தீர்ந்த பிறகு கைமாறிய நிலம் அது என்பதைச் சேர்த்தே எழுதவேண்டும். 1931இல் ஜார்ஜியாவின் மாநிலப் பூங்கா அமைப்பு தொடங்கியபோது அதன் முதல் இரண்டு பூங்காக்களில் ஒன்றாக வோகல் இடம்பெற்றது.

காட்டின் நிலைமை அப்போது எப்படி இருந்தது? 1904இல் நியூயார்க்கில் கண்டறியப்பட்ட ஒரு பூஞ்சை நோய் தெற்கே பரவி, அப்பலாச்சியாவின் பல காடுகளில் நான்கு மரத்துக்கு ஒன்றாக நின்ற அமெரிக்கச் செஸ்ட்நட் மரத்தை அடியோடு சாய்த்துக்கொண்டிருந்தது. மலைவாசிகளின் பன்றிகளுக்குத் தீனி, குடும்பத்துக்குக் கொட்டை விற்ற காசு, வேலிக்கு மரம் எல்லாம் அதோடு போயின. மான் இனமும் வேட்டையில் அற்றுப்போயிருந்தது. அருகிலுள்ள சூச்சஸ் ஊரைச் சேர்ந்த வனக்காவலர் ஆர்தர் உடி, 1920களின் பிற்பகுதியில் மான்குட்டிகளைத் தம் செலவில் வாங்கி வந்து வளர்த்துக் காட்டில் விட்டார். அப்பகுதியின் கடைசி மானைச் சுட்டவர் அவருடைய தந்தைதான் என்று அங்கே சொல்வார்கள். சொல்வழக்கின் உண்மை எப்படியிருந்தாலும், இன்று அந்தச் சரிவுகளில் மான் மேய்வதற்குத் தனிமனிதர் ஒருவரின் பிடிவாதமும் ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை.

ஏரி அதற்குப் பின் வந்தது. 1933இல் அதிபர் ரூஸ்வெல்ட் தொடங்கிய சிவிலியன் கன்சர்வேஷன் கோர் (சி.சி.சி.) என்ற வேலைவாய்ப்புப் படையில், வேலையற்ற, மணமாகாத இளைஞர்கள் சேர்க்கப்பட்டார்கள். மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும். 1942இல் கலைக்கப்படுவதற்குள் ஏறத்தாழ 30 லட்சம் பேர் அதில் வேலை பார்த்தார்கள். வோகலில் முகாமிட்டவர்கள் உல்ஃப் கிரீக் ஓடையின் குறுக்கே அணை கட்டி நீரைத் தேக்கினார்கள்; குடில்கள் எழுப்பினார்கள்; பாதைகள் போட்டார்கள். கலிங்கில் வழியும் நீர் அணைக்குக் கீழே பாறையில் அருவியாக விழுகிறது. டிராலிட்டா அருவி என்ற பெயரில் நெடுஞ்சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பது அதைத்தான். சற்று மேலே நீல் கணவாயில் அதே படையினர் எழுப்பிய வாலசி-யி கல் கட்டடத்தின் ஊடாகவே, ஜார்ஜியா முதல் மெய்ன் வரை செல்லும் அப்பலாச்சியன் நடைவழி இன்றும் போகிறது. அரசு அன்று உதவித்தொகையை மட்டும் பங்கிட்டிருந்தால் குடும்பங்கள் பிழைத்திருக்கும். உழைப்பாக மாற்றிக் கொடுத்ததால், பிழைத்ததோடு மூன்று தலைமுறைக்கு மேல் நிற்கும் பொதுச்சொத்தும் கிடைத்தது. வேலைத் திட்டங்களைப் பற்றி விவாதிக்கிற எவரும் எடுத்துக்காட்ட வேண்டிய சான்று இது.

இயற்கையை நேசிப்பவர்களிடமிருந்து ஒரு கடுமையான மறுப்பு வரும். ஓடும் ஓடையை மறித்துக் குளமாக்குவது எப்படிப் பாதுகாப்பாகும்? தேங்கிய நீர் வெயிலில் சூடேறும். குளிர்நீரில் மட்டுமே வாழும் மலை ட்ரவுட் மீனுக்கு அது கேடு. வண்டல் அணைக்குள் படிந்துவிடும். இந்த வாதத்தில் நியாயம் உண்டு. பனியுகப் பனிப்பாறைகள் தென் அப்பலாச்சியா வரை வரவில்லை. அதனால் வடக்கே உள்ளதுபோல் பனி குடைந்த ஏரிகள் இங்கே கிடையா. இப்பகுதியில் கண்ணில் படும் ஏரிகள் அநேகமாக எல்லாமே அணை கட்டித் தேக்கியவை. ஆனால் அணை என்றால் எல்லாம் ஒன்றல்ல. இதே யூனியன் கவுண்டியில் 1942இல் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் கட்டிய நாட்லி அணை 4,000 ஏக்கருக்கு மேல் நிலத்தை மூழ்கடித்தது. பள்ளத்தாக்கின் வளமான வயல்களை விட்டுக் குடும்பங்கள் வெளியேறின. வர்ஜீனியாவில் ஷெனாண்டோவா தேசியப் பூங்காவுக்காகச் சுமார் 500 குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. அவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பட்டை உரித்துக் கைவிடப்பட்ட நிலத்தில் 22 ஏக்கர் நீர்ப்பரப்பு என்பது சிறிய தலையீடு. மனிதக் கை பட்டது இயற்கையல்ல என்று ஒதுக்கினால், சுற்றியுள்ள காட்டையும் ஒதுக்கவேண்டிவரும். அதுவும் வெட்டிய பின் வளர்ந்த இரண்டாம் தலைமுறைக் காடுதான்.

இதைவிடக் கனமான மறுப்பு நிலம் யாருடையது என்பதைப் பற்றியது. இந்த மலைகள் செரோக்கி மக்களின் தாயகம். 1820களின் இறுதியில் டலோனிகா பக்கம் தங்கம் கிடைத்தது. 1832இல் ஜார்ஜியா அரசு செரோக்கி நிலத்தைச் சீட்டுக் குலுக்கி வெள்ளையருக்குப் பங்கிட்டது. 1838இல் படையைக் கொண்டு மக்களை மேற்கே விரட்டினார்கள். ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே இறந்தார்கள். ஏரிக்குச் செரோக்கிக் கதையில் வரும் பெண்ணின் பெயரைச் சூட்டியது அந்தக் கடனைத் தீர்க்காது. இன்னொன்றும் இருக்கிறது: ஜார்ஜியாவின் மாநிலப் பூங்காக்கள் 1960கள் வரை நிறவெறிப் பிரிவினைக்கு உட்பட்டிருந்தன. கறுப்பின மக்களுக்கென்று 1950இல் அலட்டூனா ஏரிக்கரையில் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் பெயரில் தனிப் பூங்கா அமைக்கப்பட்டது. அணை கட்டிய வேலைவாய்ப்புப் படையிலும் நிறப்பிரிவினை இருந்தது. இவற்றை அடிக்குறிப்பாக ஒதுக்கிவிட்டு வோகலைக் கொண்டாடுவது நேர்மையாகாது. ஆயினும் என் வாதம் இங்கேதான் வலுப்பெறுகிறது. இயற்கையின் கொடை என்றால் யாரையும் கேள்வி கேட்க முடியாது. பொதுப்பணி என்றால் கேட்கலாம்: யாருக்காகக் கட்டினீர்கள், யாரை வாசலில் நிறுத்தினீர்கள்? குடியுரிமைப் போராட்டம் அந்தக் கேள்வியைக் கேட்டது; வாசல் திறந்தது. பக்கத்து மலையைத் தனியார் ஒருவர் வாங்கி வேலி போட்டிருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்க இடமே இருந்திருக்காது.

சுற்றிலும் ஏழரை லட்சம் ஏக்கருக்குச் சட்டஹூச்சி தேசியக் காடு விரிந்திருக்க, 233 ஏக்கரைப் பற்றி இத்தனை பேச்சு ஏன் என்று கேட்கலாம். பெருங்காட்டுக்குள் போக வலுவான கால், வழி தெரிந்த துணை, ஓய்வு நாள் வேண்டும். வோகலில் ஏரியைச் சுற்றும் பாதை சுமார் ஒரு மைல். குழந்தையும் முதியவரும் நடக்கலாம். நடந்து பழகியவருக்கு அங்கிருந்தே கூசா நடைவழி ஏறக்குறைய 13 மைல் மலைக்குள் செல்கிறது. இந்த மலைச்சரிவில் உழுது பிழைத்து, கவிதையும் எழுதி, 1958இல் மறைந்த பைரன் ஹெர்பர்ட் ரீஸின் பெயரில் மேலே ஒரு பாதையும் இருக்கிறது.

கட்டியதைப் பேணாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பூங்காவின் ஹெம்லாக் மரங்களே சாட்சி. கிளையைத் திருப்பி ஊசியிலையின் அடியைப் பார்த்தால், சில இடங்களில் பஞ்சுத் துணுக்கு ஒட்டியதுபோல் வெண்புள்ளிகள் வரிசையாக இருக்கும். ஜப்பானிலிருந்து வந்த சாறுறிஞ்சிப் பூச்சியின் முட்டைப்பைகள் அவை. 1950களின் தொடக்கத்தில் வர்ஜீனியாவில் தென்பட்ட அந்தப் பூச்சி இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வட ஜார்ஜியாவை எட்டியது. மருந்திடாத மரம் சில ஆண்டுகளில் பட்டுப்போகிறது. வேரடி மண்ணில் மரம் மரமாக மருந்து ஊற்றவேண்டும், சில ஆண்டு கழித்துத் திரும்பவும் ஊற்றவேண்டும்; பூச்சியைத் தின்னும் சிறு வண்டுகளை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டில் விடவேண்டும். ஒருகாலத்தில் பட்டைக்காக உரிக்கப்பட்ட மரத்துக்கு இன்று தனித்தனியாகக் கணக்கு வைத்து வைத்தியம் தேவைப்படுகிறது. அணைக்கும் கலிங்குக்கும் இதே நிலைதான்: தூர் வாராவிட்டால் ஏரி சேறாகும், கசிவைப் பார்க்காவிட்டால் கரை போகும்.

2031இல் வோகலுக்கு நூறு வயது. ஜார்ஜியா அரசு விழா எடுக்கும் என்று எதிர்பார்க்கலாம். விழாவுக்கு ஒதுக்கும் தொகைக்கு முன்பாக, அணைப் பராமரிப்புக்கும் ஹெம்லாக் சிகிச்சைக்கும் ஆண்டுதோறும் தவறாத நிதியை ஒதுக்கட்டும்; செரோக்கி மக்களையும் பிரிவினைக் காலத்தையும் பற்றிய வரலாற்றை, பூங்காவிலுள்ள சி.சி.சி. அருங்காட்சியகத்துக்குச் சமமான இடத்தில் எழுதி வைக்கட்டும். அங்கே போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: தொலைதூரத்திலிருந்து விறகு கொண்டுபோகாதீர்கள். மரத்தைக் கொல்லும் பூச்சிகள் ஊர்விட்டு ஊர் போவதற்கு அதுவும் ஒரு வழி.