கொட்டகையில் பிறந்த சத்தம்

பெரிய கூடத்தில் ராக் இசையை உரக்கக் கேட்க ஆசைப்படுபவர்கள், விலை உயர்ந்த ஸ்பீக்கர் வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று நம்புகிறார்கள். ஸ்பீக்கரின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. ஸ்பீக்கர்களில் இரண்டு வம்சங்கள் உண்டு. ஒன்று பெரிய அரங்கை நிரப்பப் பிறந்தது. மற்றொன்று சின்ன வீட்டுக்காகச் சுருக்கப்பட்டது. இரண்டாவதில் எவ்வளவு பணத்தைக் கொட்டினாலும் முதலாவதன் வேலையை அது மூச்சுவாங்கித்தான் செய்யும்.

முதல் வம்சத்தின் பிறப்பிடம் சினிமா கொட்டகை. 1920களின் கடைசியில் படம் பேசத் தொடங்கியபோது வால்வு ஆம்ப்ளிஃபயர்கள் தந்தது சொற்ப வாட்டுகளே. அதைக் கொண்டு ஆயிரக்கணக்கானோர் உட்காரும் அரங்கை நிரப்ப வேண்டும். காகிதக் கூம்பு நேராகக் காற்றைத் தள்ளும்போது, கொடுத்த மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்கு ஒலியானாலே பெரிது. மிச்சமெல்லாம் சூடாகப் போய்விடும். முன்னால் மெல்ல விரியும் ஹார்ன் ஒன்றைப் பொருத்தினால் அந்த ஒரு பங்கு பத்தாக, இருபதாக உயரும். நம் ஊர் மைக் செட்டின் குழாய் ஸ்பீக்கர் அடுத்த ஊர்வரை கேட்பதும் இந்தக் கணக்கில்தான். ஆனால் ஹார்னிலும் கோளாறு இருந்தது. நீண்ட ஹார்னைக் கடந்து வரும் தாழ்ந்த ஒலி, கூரிய ஒலிக்குப் பின்தங்கியே வந்து சேர்ந்தது. காலணியால் தரையைத் தட்டி ஆடும் டாப் நடனத்தின் ஒவ்வொரு காலடியும் இரண்டாகக் கேட்டது. எம்.ஜி.எம். பட நிறுவனத்தின் டக்ளஸ் ஷியரர், ஜான் ஹில்லியார்டு ஆகியோரும் ஸ்பீக்கர் தயாரிப்பாளர் ஜேம்ஸ் லான்சிங் முதலானோரும் 1930களின் நடுவில் ஹார்னை மடித்தும் குறுக்கியும் இதைச் சரிசெய்தார்கள். அதே மரபில் 1945இல் ஆல்டெக் நிறுவனத்தின் ‘வாய்ஸ் ஆஃப் தி தியேட்டர்’ ஸ்பீக்கர் வந்தது. அமெரிக்காவின் ஆர்கன்சாவில் பால் கிளிப்ஷ் அறையின் மூலையையே ஹார்னின் நீட்சியாக்கி, கொட்டகைச் சத்தத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தார்.

பாதை பிரிந்தது 1954இல். எட்கர் வில்ச்சர், காற்றுப் புகாமல் அடைத்த சின்னப் பெட்டியிலிருந்து ஆழமான பேஸ் வரவழைத்துக் காட்டினார். அருமையான கண்டுபிடிப்பு, சந்தேகமில்லை. நான்கே ஆண்டில் ஸ்டீரியோ இசைத்தட்டு பரவி, ஒரு வீட்டுக்கு இரண்டு ஸ்பீக்கர் தேவைப்பட்டதும் சின்னப் பெட்டியே ஜெயித்தது. ஆனால் பெட்டி சிறியது, பேஸ் ஆழமானது, மின்சாரத்தை ஒலியாக்கும் திறன் அதிகம் ஆகிய மூன்றும் ஒருசேர அமையாது. ஹோஃப்மன் என்ற பொறியாளரின் பெயரால் வழங்கும் விதி இது. விட்டுக்கொடுக்கப்பட்டது திறன்.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும்: இன்றைக்கு வாட் மலிவாயிற்றே, திறன் குறைந்தால் என்ன? கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவரின் காதில் டிரம் அடியின் உச்சம் 110 டெசிபல் விழ வேண்டுமானால், தூரத்தில் இழப்பதையும் அறையும் இரண்டாவது ஸ்பீக்கரும் ஈடுசெய்வதையும் சேர்த்துப் பார்த்தால், ஒவ்வொரு ஸ்பீக்கரும் ஒரு மீட்டரில் சுமார் 116 டெசிபல் தர வேண்டும். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 86 டெசிபல் தரும், அதாவது 86 டெசிபல் சென்சிட்டிவிட்டி உள்ள பெட்டிக்கு இதற்கு 1,000 வாட் வேண்டும். 104 உள்ள ஹார்னுக்கு 16 வாட் போதும். அந்த ஆயிரம் வாட்டை வாங்கிவிடலாம். கூம்பை அசைக்கும் செம்புச் சுருளான வாய்ஸ் காயில் தாங்க வேண்டுமே. செம்பு சூடேற ஏற அதன் மின்தடை கூடும். ஒலி எழ வேண்டிய அளவுக்கு எழாது. ஸ்னேர் டிரம்மின் அடி, அடியாக விழாமல் தட்டலாக மழுங்கும். கூம்புகளாலேயே பேரொலி எழுப்ப முடியாதா என்றால், முடியும். கிரேட்ஃபுல் டெட் ராக் குழு 1974இல் ஏறக்குறைய 600 ஸ்பீக்கர்களை மேடைக்குப் பின்னே சுவராக அடுக்கி, 26,400 வாட் கொடுத்து, அபாரமான தெளிவோடு பாடியது. சுமந்து திரிய முடியாமல் அந்த ஆண்டே அதைக் கைவிட்டது.

ஹார்ன் மூக்கால் பாடும் என்பது இன்னொரு குற்றச்சாட்டு. பழைய உலோக ஹார்ன்களைப் பொறுத்தவரை அது உண்மைதான். 1970களில் டான் கீல் போன்றோர் ஹார்னின் வடிவத்தையே மாற்றி எழுதிய பிறகு அந்தக் குறை பெருமளவு தணிந்தது. மேலும், 1960களின் அமெரிக்க ஸ்டூடியோக்கள் பலவற்றில் ஒலிப்பதிவாளர்கள் காது கொடுத்தது, 15 அங்குலக் கூம்பின் நடுவில் ஹார்ன் பொருத்திய ஆல்டெக் 604 ஸ்பீக்கருக்கு. அந்தக் கால ராக் இசைத்தட்டுகளில் கணிசமானவை அந்த ஸ்பீக்கரின் தொனியில் கேட்டு எடை போடப்பட்டவையே.

சின்ன அறையில் மெதுவாகக் கேட்பவருக்கு வில்ச்சரின் வாரிசுகளே மேல். அவர் பெரிய ஹார்னுக்குச் செலவழிப்பது வீண். பெரிய கூடம் உள்ளவரோ, வில்ச்சர் இடத்தை மிச்சப்படுத்தக் கொடுத்த விலையைத் தானும் கொடுக்க வேண்டியதில்லை. கடைக்குப் போனால் வாட்டைக் கேட்கும் முன் சென்சிட்டிவிட்டியைக் கேளுங்கள். பெட்டியின் பருமனைப் பார்த்துத் தயங்காதீர்கள். வாங்கிய பின் கடிகாரத்தையும் பாருங்கள்: 94 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் வரம்பு.