உத்தப்புரம் சுவரும் ஐரோப்பாவின் நிலக்கரியும்

எழுமலை அருகே உத்தப்புரத்தில் 1989 கலவரத்துக்குப் பின் தலித் குடியிருப்பை மறித்துச் சுவர் எழுந்தது. 2008 மே 6இல் அதில் ஒரு பகுதியை இடித்ததற்கே சாதி இந்துக்கள் ஊரைவிட்டு வெளியேறிப் போராடினார்கள். 2011இல் ஒப்பந்தம் போட்ட பிறகே முத்தாலம்மன் கோயிலுக்குள் தலித்துகள் போக முடிந்தது. இருபத்திரண்டு ஆண்டுகள்!

இரண்டாம் உலகப்போரில் கோடிக்கணக்கானோர் செத்த ஐரோப்பாவும் மெதுவாகத்தான் இணைந்தது. 1951இல் பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி உள்ளிட்ட ஆறு நாடுகள், ஆயுதம் செய்யத் தேவையான நிலக்கரியையும் எஃகையும் பொது அதிகாரத்தின்கீழ் வைத்தன. 1957இல் பொதுச்சந்தைக்கு ஒப்பந்தம். 1993இல் ஐரோப்பிய ஒன்றியம். பகை தீரட்டும் என்று காத்திருக்காமல் வளத்தைப் பொதுவாக்கினார்கள்.

அங்கே கையெழுத்திட்டவர்கள் சமமாக உட்கார்ந்தார்கள். இங்கே அமைதிக் கூட்டத்தில் விட்டுக்கொடுக்கச் சொல்வது நம்மைத்தான். பாதையும் நிலமும் கோயிலும் பொதுவாகாமல் ஒற்றுமை எங்கிருந்து வரும், தோழர்களே?