களி, சந்தை, மால்

நகரம் என்று நம் சிறுபத்திரிகைகளில் எழுதப்படும்போது அது பெரும்பாலும் சென்னைதான், தப்பினால் பம்பாய். ஒரு அறை, ஒரு மெஸ், மாலையில் கடற்கரை, தனிமை என்று அதற்கு ஒரு வாய்ப்பாடும் அமைந்துவிட்டது. ஓசூர் இந்த வாய்ப்பாட்டுக்குள் அடங்காது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் பேரம் பேசுகிற ஊர் இது. 2019-ல் மாநகராட்சியான பிறகும் ஞாயிற்றுக்கிழமையானால் பெங்களூருக்குப் பஸ் ஏறுகிறது. இந்த ஊரை அதன் சாப்பாட்டையும் கடைகளையும் வைத்துப் படிக்க முடியுமா என்று சில காலமாக யோசித்து வருகிறேன். கலாசாரம் என்ற சொல்லை நாம் மிக உயரத்தில் வைத்துப் பேசுகிறோம். தட்டில் அது என்னவாக இருக்கிறது என்று கேட்பது தரக்குறைவான காரியம் அல்ல.

களியிலிருந்து தொடங்க வேண்டும். தமிழில் களி, கன்னடத்தில் முத்தெ, தெலுங்கில் சங்கட்டி. மூன்று மொழிக்காரர்களும் உருட்டுவது ஒரே கேழ்வரகு மாவைத்தான். 1956-ல் மொழியை வைத்து மாநிலங்களைப் பிரித்தார்கள். தட்டை வைத்துப் பிரித்திருந்தால் ஓசூருக்கும் ஆனேக்கல்லுக்கும் நடுவே கோடு விழுந்திராது. கேழ்வரகு இந்த மண்ணின் ஆதிப் பயிர் என்றும் பெருமைப்பட முடியாது. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களிலிருந்து வந்தது அது. வந்தேறித் தானியம் ஒன்றுதான் இந்த வறண்ட மேட்டுநிலத்தின் அடையாளமாயிற்று.

பதினாறாம் நூற்றாண்டில் கனகதாசர் கன்னடத்தில் எழுதிய 'ராமதான்ய சரிதெ'யில் நெல்லும் ராகியும் ராமன் முன்னால் வழக்காடுகின்றன. நெல் ராகியைத் தாழ்ந்த சாதியாரின் உணவு என்று ஏசுகிறது. ராமன் இரண்டையும் ஆறு மாதம் சிறையில் அடைக்கிறான். நெல் கெட்டுப்போகிறது, ராகி கெடாமல் வெளியே வருகிறது. ராகவன் என்ற தன் பெயரையே ராமன் அதற்குத் தருகிறான். இதில் பக்தி எவ்வளவோ அவ்வளவு சேமிப்புக் கிடங்கின் அறிவும் இருக்கிறது. ராகியைக் குழியில் கொட்டி மூடினால் ஆண்டுக்கணக்கில் கெடாது. பஞ்சத்துக்கு வைத்துக்கொள்கிற தானியம் அது.

பஞ்சம் இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் பழைய சேலம் ஜில்லா மிக மோசமாக அடிபட்டது. பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுபோக உதவும் என்று பிறகு சிறு ரயில் பாதைகள் போட்டார்கள்: திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905-ல், மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906-ல். பின்னது ஓசூர் வரை நீண்டது. 1941-க்குள் இரண்டையும் மூடிவிட்டார்கள். யுத்தகாலத்து ரேஷனை 1952-ல் சென்னை மாகாணத்தில் எடுத்தவர் ராஜாஜி. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்தவர். 1967 தேர்தல் அரிசியின் பெயரால் நடந்தது. 2006-ல் கிலோ இரண்டு ரூபாய், 2008-ல் ஒரு ரூபாய், 2011-ல் இலவசம் என்று ரேஷன் அரிசி இறங்கி வந்தது. இப்படி இறங்கிய ஒவ்வொரு படியிலும் ஒரு களிப்பானை அடுப்பிலிருந்து இறங்கியது. இதை அழிவு என்று எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. பசி குறைந்ததும் களி குறைந்ததும் ஒரே சம்பவம்.

சந்தையைப் பற்றியும் இப்படித்தான். போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை இன்றும் கூடுகிறது. மாடு, ஆடு, கோழி, புளி, விதை, துணி எல்லாம் உண்டு. மாலைக் கண்டிக்கிற நண்பர்கள் உடனே சந்தையை எதிரே நிறுத்துகிறார்கள்: அங்கே முகம் இருந்தது, பேச்சு இருந்தது, உறவு இருந்தது என்று. இருந்ததுதான். ஆனால் என் தாத்தா போன சந்தையில் டீக்கடைக் கூரையில் அவருக்கென்று தனி டம்ளர் செருகி வைத்திருந்தார்கள். குடித்துவிட்டு அவரே கழுவி அங்கேயே செருக வேண்டும். அந்தக் கடைக்காரருக்கும் என் தாத்தாவின் முகம் நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் டம்ளர் தனியாக இருந்தது. முகம் தெரியாத இடத்தில் சாப்பிடுவது ஒரு விடுதலை என்பதை நம் நகரத் தனிமைக் கவிதைகள் எதுவும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

ஓசூரில் அந்த விடுதலை ஆலைகளோடு வந்தது. பின்தங்கிய பகுதி என்று சலுகை தந்து, பெங்களூர் நாற்பது கிலோமீட்டர்தான் என்று ஆசை காட்டி, 1970-களில் சிப்காட் இங்கே நிலம் பிரித்தது. 1980-ல் அசோக் லேலண்ட் வந்தது. அதே ஆண்டு டிவிஎஸ் மொபெட் ஓடத் தொடங்கியது. அந்தப் பத்தாண்டின் நடுவில் டைட்டன் கடிகாரம். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேன்டீன் வைக்கச் சொல்ல 1948-ன் தொழிற்சாலைச் சட்டம் வழி செய்தது. சரித்திரக்காரர்கள் கவனிக்க வேண்டிய பிரிவு அது. வேறு வேறு ஜில்லாக்காரர்கள், வேறு வேறு சாதிக்காரர்கள், ஒரே அச்சில் வார்த்த எவர்சில்வர் தட்டில், ஒரே குழம்பை, சங்கு ஊதும் நேரத்துக்குள் சாப்பிட்டு எழுந்தார்கள். 1983-ல் பெங்களூரில் நின்றுகொண்டே சாப்பிடும் 'தர்ஷினி' ஓட்டல்கள் தொடங்கின. நாற்காலி இல்லாத இடத்தில் யார் யார் பக்கத்தில் உட்காருவது என்ற கேள்வியும் இல்லை.

அதே ஓசூர் சாலையில், கோரமங்களாவில், 2004-ல் ஃபோரம் மால் திறந்தது. இன்று அதன் பெயர் நெக்ஸஸ். மூடிய கூரைக்குள் அடைத்த முதல் நவீன மாலை 1956-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் வடிவமைத்தவர் விக்டர் குரூன். நாஜிகளுக்குத் தப்பி வியன்னாவிலிருந்து ஓடியவர். ஊர்ச் சதுக்கத்தைக் காரோட்டிகளின் தேசத்தில் மறுபடி உண்டாக்க நினைத்தார். கடைகள் மட்டுமே மிஞ்சின. கடைசியில் அவரே அதைக் கைகழுவினார். சாப்பாட்டைப் பெரும்பாலும் மேல்மாடியில் வைப்பது, பசித்தவன் எல்லாக் கடைகளையும் தாண்டி ஏறட்டும் என்பதற்காக. சந்தையில் பசி தெருமுனையிலேயே தீர்ந்துவிடும்.

இப்போது ஓசூரைச் சுற்றி எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் வேலை செய்கிறார்கள். ஜார்க்கண்டிலிருந்துகூட வந்து விடுதிகளில் தங்கியிருக்கிறார்கள். சம்பளத்தில் பெரும்பகுதி அன்றே ஊருக்குப் போய்விடுவது வங்கிக் கவுன்டரில் உட்காருகிற எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மாலில் இப்படி ஐந்தாறு பெண்களைப் பார்த்தேன். இரண்டு மணி நேரம் சுற்றினார்கள், கண்ணாடி முன் படம் எடுத்துக்கொண்டார்கள், ஒன்றும் வாங்கவில்லை. வெளியே வந்து தள்ளுவண்டியில் பானிபூரி தின்றார்கள். நம் விமர்சன மொழியில் இவர்கள் நுகர்வுக் கலாசாரத்தின் பலிகள். ஆனால் அங்கே யாரும் அவர்களை எந்த ஊர், யார் பெண் என்று கேட்கவில்லை. கேட்டது விலைச் சீட்டுதான். அதற்கு அவர்கள் வெளியே வந்து பதில் சொன்னார்கள். தனி டம்ளர் போய்விட்டது, மேல்மாடி வந்திருக்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத் தெரியாத விமர்சனம் எனக்கு அரைகுறையாகவே படுகிறது.

அந்த மாலில் ராகி பிஸ்கோத்து விற்றது. 2024-25-க்கு மத்திய அரசு அறிவித்த ராகியின் ஆதார விலை குவிண்டாலுக்கு 4,290 ரூபாய். கிலோ நாற்பத்து மூன்று ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். சின்ன டப்பா ஒன்றுக்கே நான் அதைவிட அதிகம் கொடுத்தேன். ஏழையின் தானியம் 'சிறுதானியம்' என்று பெயர் மாறி, நீரிழிவுக்காரனின் மருந்தாகிக் கண்ணாடி அலமாரியில் ஏறிவிட்டது. 2023 மே மாதம் தர்மபுரி, நீலகிரி மாவட்டங்களின் ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு தரத் தொடங்கினார்கள்.

பாலக்கோடு பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அந்தப் பிஸ்கோத்தையும் கொண்டுபோனேன். அம்மா ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "கேவுரா இது?" என்றாள். ஆமாம் என்றேன். "இதத் தின்னக் கூடாதுன்னுதான ஒன்னப் படிக்க வெச்சேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. டப்பாவை மூடிப் பேத்தியிடம் கொடுத்துவிட்டு, ரேஷன் கேழ்வரகைப் புடைக்க உட்கார்ந்தாள். அன்று ராத்திரி களிதான். எனக்கும் ஒரு உருண்டை வைத்தாள். தனக்குச் சோறு போட்டுக்கொண்டாள்.