திண்ணையில் அம்புலிமாமா

1953 அக்டோபர் 1-ல் சித்தூர் ஜில்லா ஆந்திர ராஜ்யத்தோடு சேர்ந்தது. 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குப் போயிற்று. சித்தூரும் திருப்பதியும் ஆந்திராவிலேயே நின்றுவிட்டன. ஆத்தில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. எதிராத்துப் பையன் என்னை ‘அரவ வாடு’ என்று கேலி செய்வான், அழுதுகொண்டே வருவேன்.

பாட்டி சண்டைக்குப் போகவில்லை. தினமும் சாயங்காலம் திண்ணையில் எல்லாக் குழந்தைகளையும் கூட்டிவைத்துக் கதை சொன்னாள். ராமானுஜரே திருமலை நம்பியிடம் ராமாயணம் கேட்டது திருப்பதியில்தானே என்பாள்.

நாகிரெட்டியும் சக்ரபாணியும் 1947-ல் சென்னையில் தொடங்கிய பத்திரிகை தமிழில் ‘அம்புலிமாமா’, தெலுங்கில் ‘சந்தமாமா’. படமும் கதையும் ஒன்றே. நான் ஒரு பக்கம் தமிழில் படிப்பேன். அடுத்ததை அவன் தெலுங்கில் தொடருவான். விக்கிரமாதித்தன் தோளில் வேதாளத்துக்கு இரண்டு பாஷையும் தெரிந்திருந்தது! சில மாதங்களில் அந்தப் பையன் அம்புலிமாமாவையும் கேட்டு வாங்கி, எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தான்.