கடைசிக் குழியின் ஓரத்தில்



தேர்வு எழுதும் பிள்ளைக்குக் கடைசி அரை மணி நேரம்தான் கடினமானது. வீடு கட்டுகிறவருக்கு அஸ்திவாரத்தைவிடக் கடைசித் தவணைதான் பாரமாகத் தோன்றுகிறது. அதுவரை தெளிவாய் இருந்த மனம், முடிவு கண்ணுக்குப் புலப்படத் தொடங்கியதும் தடுமாறுகிறது. நடுக்கடலில் அஞ்சாதவர்கள் கரை தெரிந்தவுடன் அஞ்சுகிறார்கள். இந்தத் தடுமாற்றத்தைக் குறித்து இந்த வாரம் சிந்திப்பதற்காக, நம்மில் பெரும்பாலோர் ஆடியிராத கோல்ஃப் விளையாட்டின் வரலாற்றிலிருந்து, 1999-ஆம் ஆண்டின் ஒரே கோடைகாலத்தில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளை உங்கள்முன் வைக்கிறேன்.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். பரந்த புல்வெளியில் 18 குழிகள் அமைந்திருக்கும். தேர்ந்த ஆட்டக்காரர் ஒவ்வொரு குழியிலும் பந்தை எத்தனை அடிகளில் சேர்க்கவேண்டும் என்பதற்கு ஓர் அளவு உண்டு; அதைப் 'பார்' என்பார்கள். பெரும் போட்டிகள் நான்கு நாள் நடைபெறும். மொத்தம் 72 குழிகள். அவற்றை ஆகக் குறைந்த அடிகளில் முடிப்பவரே வெற்றியாளர். ஆண்டுதோறும் நடக்கும் போட்டிகளில் நான்கு மட்டுமே 'மேஜர்' என்னும் தனிச் சிறப்புடையவை.

கிரிக்கெட்டில் பந்து நம்மை நோக்கிப் பாய்ந்து வருகிறது, யோசிக்க நேரமில்லை. கோல்ஃபிலோ பந்து அசையாமல் கிடக்கிறது. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே நெடுந்தூரம் நடக்கவேண்டியிருக்கிறது. அந்த நடையில்தான் சோதனை இருக்கிறது. பல்லாயிரம் முறை பழகிய ஒன்றைத்தான் கை செய்யவேண்டும். ஆனால் மனமோ செய்யவேண்டிய வேலையை விட்டுவிட்டு, வரப்போகும் கோப்பையிடமோ வரக்கூடிய அவமானத்திடமோ முன்கூட்டியே ஓடிவிடுகிறது. சில வேளைகளில் அது தன் கையையே உற்றுநோக்கத் தொடங்கி, தானாய் இயங்கவேண்டிய அசைவைக் குலைத்துவிடுகிறது.

நம் வரலாற்றின் முதல் மனிதர் அமெரிக்கரான பெய்ன் ஸ்டூவர்ட். முழங்காலுக்குச் சற்றுக் கீழே முடியும் பழங்காலக் கால்சட்டையும் தட்டையான தொப்பியும் அணிந்து ஆடியதால், கூட்டத்தில் எவரும் அவரை எளிதில் அடையாளம் காண்பார்கள். 1989-இல் சிகாகோ நகருக்கு அருகிலுள்ள கெம்பர் லேக்ஸ் களத்தில் அவர் தம் முதல் மேஜர் வெற்றியைப் பெற்றார். அன்று மூன்று குழிகள் மீதமிருக்கையில் முன்னணியில் இருந்தவர் மைக் ரீட். மென்மையான சுபாவமுடைய அந்த மனிதர் 16-ஆம் குழியில் பந்தை நீரில் இழந்தார். 17-இல் மேலும் இரண்டு அடிகளை இழந்தார். சமன் செய்திருக்கக்கூடிய கடைசி வாய்ப்பும் குழியைத் தவறிப்போயிற்று. ஸ்டூவர்ட் ஓர் அடி வித்தியாசத்தில் வென்றார். ரீட் பத்திரிகையாளர்முன் கண்ணீர் சிந்தினார். ஆனால் ரீட் சரிந்துகொண்டிருந்தபோது, ஆட்டத்தை முடித்துவிட்டுக் காத்திருந்த ஸ்டூவர்ட் தம் மகிழ்ச்சியை மறைக்காமல் புகைப்படக் கருவிகளின்முன் வேடிக்கை செய்துகொண்டிருந்தார் என்ற பழிச்சொல் அவர்மேல் நெடுநாள் நிலைத்தது. பிறர் வீழ்ச்சியின் எடையை அவர் அதுவரை சுமந்து பார்த்ததில்லை.

அதைச் சுமக்கும் நாள் 1998-இல் வந்தது. சான் பிரான்சிஸ்கோவின் ஒலிம்பிக் கிளப் களத்தில் நடந்த அமெரிக்க ஓப்பன் போட்டியின் இறுதி நாளை, அவர் நான்கு அடி முன்னணியோடு தொடங்கினார். 12-ஆம் குழியில் அவர் நேராகவும் நன்றாகவும் அடித்த பந்து, யாரோ பெயர்த்த புல்லின் பள்ளத்தில், அதுவும் மணல் நிரப்பிய பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. எப்படி அடிப்பது என்று அவர் நிதானித்தபோது, தாமதம் செய்வதாக நடுவரிடமிருந்து எச்சரிக்கை கிடைத்தது. அந்தக் குழியில் ஓர் அடியை இழந்தார். ஐந்து அடிகள் பின்தங்கித் தொடங்கிய லீ ஜேன்சன் அன்று 68 அடிகளில் முடிக்க, ஸ்டூவர்ட் 74 எடுத்தார். ஓர் அடியில் கோப்பை கைநழுவிற்று.

ஓராண்டு கழிந்தது. 1999 ஜூன் மாதம், வட கரோலினாவின் பைன்ஹர்ஸ்ட் களம். மீண்டும் அமெரிக்க ஓப்பன். சனிக்கிழமை மாலை ஸ்டூவர்ட் ஓர் அடி முன்னணியில் இருந்தார். எனினும் அன்று குழியருகே அவர் தட்டிய பந்துகள் பலமுறை தவறியிருந்தன. அவருடைய மனைவி ட்ரேசி அதைக் கூர்ந்து கவனித்திருந்தார். பந்தைத் தட்டும்போதே அது எங்கே போகிறது என்று பார்க்கத் தலையைத் தூக்கிவிடுகிறீர்கள் என்று அவரிடம் சொன்னார். கணவர் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆட்டம் முடிந்த அந்த மாலையிலேயே பயிற்சித் தளத்துக்குச் சென்று, தலையை அசைக்காமல் பந்தைத் தட்டித் தட்டிப் பழகினார். அவர் கையில் ஒரு வளையம் இருந்தது. இயேசு என்ன செய்வார் என்ற கேள்வியின் முதலெழுத்துகளைத் தாங்கிய, மகன் ஆரன் கொடுத்த எளிய கைவளையம்.

ஜூன் 20, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் அது தந்தையர் தினம். தூறலும் பனிமூட்டமும் களத்தை மூடியிருந்தன. மழைச்சட்டையின் கைகள் வீச்சுக்கு இடையூறாயிருந்ததால் ஸ்டூவர்ட் அவற்றைக் கத்தரித்து எறிந்துவிட்டு ஆட வந்தார். உடன் ஆடியவர் ஃபில் மிக்கல்சன். அவருடைய மனைவி முதல் பிரசவத்துக்காகத் தொலைவில் காத்திருந்தார். அழைப்பு வந்தால் ஆட்டத்தை அந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் புறப்படுவேன் என்று மிக்கல்சன் முன்னரே அறிவித்திருந்தார்.

மூன்று குழிகள் மீதமிருக்கையில் மிக்கல்சன் ஓர் அடி முன்னால் இருந்தார். 16-ஆம் குழியில் ஸ்டூவர்ட்டின் பந்து குழியிலிருந்து ஏழு மீட்டருக்கும் அதிகமான தூரத்தில் நின்றது. அதைத் தவறவிட்டால் போட்டி ஏறக்குறைய முடிந்ததுதான். தலை அசையவில்லை, பந்து உள்ளே சென்றது. அதைவிட மிக எளிதான தூரத்தில் நின்ற மிக்கல்சனின் பந்து தவறிற்று. இருவரும் சமம். 17-இல் இருவருமே பந்தைக் குழிக்கு அருகில் சேர்த்தார்கள். மிக்கல்சன் தவறவிட்டார், ஸ்டூவர்ட் தவறவிடவில்லை. இப்போது ஸ்டூவர்ட் ஓர் அடி முன்னால்.

பிரியமானவர்களே, 18-ஆம் குழியில் நடந்ததைச் சற்று நின்று பார்ப்போம். ஸ்டூவர்ட்டின் முதல் அடி வலப்புறம் விலகி, ஈரமான உயர்ந்த புல்லில் புதைந்தது. அங்கிருந்து ஒரே அடியில் குழியருகே செல்ல முயல்வது வீரமாகத் தோன்றியிருக்கும். கூட்டமும் அதை விரும்பியிருக்கும். அவரோ புல்லின் நிலையைப் பார்த்து, சிறிய மட்டையை எடுத்து, பந்தை ஒழுங்கான புல்வெளிக்கு மட்டும் திரும்பக் கொணர்ந்தார். தாம் தவறி அடித்ததை ஒப்புக்கொண்டு, அதற்குரிய ஓர் அடியைக் கொடுத்துத் தீர்த்த செயல் அது. அங்கிருந்து மூன்றாவது அடியில் குழிக்குச் சுமார் நாலரை மீட்டர் தூரத்தில் பந்தை நிறுத்தினார். மிக்கல்சனின் பந்து குழியை உரசாமல் கடந்தது. இனி இந்த ஒன்று மட்டுமே. குனிந்தார், தட்டினார், தலை குனிந்தபடியே இருந்தது. பந்து குழியை நெருங்கிய பிறகே நிமிர்ந்தார். அது உள்ளே விழுந்தது. ஒரு காலைப் பின்னே தூக்கி, முன்னே நீட்டிய முட்டியோடு அவர் நின்ற அந்த நிலையில்தான் இன்று பைன்ஹர்ஸ்டில் அவருடைய வெண்கலச் சிலை நிற்கிறது.

சிலையில் காணக்கிடைக்காத ஒன்று அடுத்த நிமிடங்களில் நடந்தது. ஸ்டூவர்ட் தோற்ற மிக்கல்சனிடம் சென்று, அவருடைய முகத்தை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, நீங்கள் தந்தையாகப் போகிறீர்கள், அதற்கு நிகரானது எதுவுமில்லை என்ற கருத்தில் பேசினார். மறுநாள் திங்கட்கிழமை மிக்கல்சனுக்குப் பெண்குழந்தை பிறந்தது. அந்த நாலரை மீட்டர் தவறியிருந்தால் ஆட்டம் சமனாகி, தீர்ப்பாட்டம் அதே திங்கட்கிழமையில்தான் நடந்திருக்கும். பத்தாண்டுகளுக்கு முன் மற்றவரின் வீழ்ச்சியருகே சிரித்த மனிதர், இப்போது தம் வெற்றியின் உச்சியில் மற்றவரின் முகத்தைப் பார்க்கக் கற்றிருந்தார். இடையில் அவருக்கு ஆசிரியராயிருந்தது அவருடைய சொந்தத் தோல்வியே என்று நான் எண்ணுகிறேன்.

சரியாக நான்கு வாரங்கள் கழித்து, ஜூலை 18 அன்று, ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டி களத்தில் பிரிட்டிஷ் ஓப்பனின் கடைசிக் குழிக்கு வந்தார் பிரெஞ்சுக்காரரான ழான் வான் டெ வெல்ட். 1907-க்குப் பின் இந்தப் பட்டத்தை எந்தப் பிரெஞ்சுக்காரரும் வென்றதில்லை. அவர் மூன்று அடிகள் முன்னணியில் இருந்தார். நான்கு அடிகளில் முடிக்கவேண்டிய குழியில் ஆறு அடிகள் எடுத்தாலும் வெற்றி அவருக்கே. அவருடைய முதல் அடியும் வலப்புறம் வெகுதூரம் விலகிற்று. ஆனால் அவர் நீண்ட மட்டையை எடுத்தார். பச்சைத்தளத்தை நோக்கியே அடித்தார். பந்து பார்வையாளர் மேடையின் கம்பியில் மோதி, ஓடையின் கற்சுவரில் பட்டு, பின்னோக்கித் தெறித்து ஆழ்ந்த புல்லில் விழுந்தது. அங்கிருந்து அடித்தது பாரி ஓடைக்குள் விழுந்தது. காலணிகளையும் காலுறைகளையும் கழற்றி, கால்சட்டையை மடித்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கி நின்றார். பந்து கண்ணெதிரே மெல்ல மூழ்கிற்று. அபராத அடியை ஏற்றுக்கொண்டு வெளியே வந்து அடித்தது மணற்குழியில் விழுந்தது. முடிவில் ஏழு அடிகள். கடைசியாகச் சுமார் இரண்டு மீட்டர் தூரத்திலிருந்து அவர் பந்தைக் குழிக்குள் சேர்த்ததனால்தான் தீர்ப்பாட்டத்திலாவது இடம் கிடைத்தது. அதில் வென்றவர், அன்று காலை பத்து அடிகள் பின்தங்கியிருந்த பால் லாரி.

இவரைக் கோழை என்றோ மூடர் என்றோ சொல்லுவது நியாயமன்று. பந்து அந்தக் கம்பியில் படாதிருந்தால் அவரைத் துணிச்சலின் உருவமென்று உலகம் போற்றியிருக்கும். பின்வாங்கி ஆடுவது தம் இயல்புக்குப் பொருந்தாது என்பதே அவர் நிலைப்பாடு. தோற்றபின் அவர் யார்மேலும் பழிசுமத்தாமல், புன்னகையோடு கேள்விகளுக்கு முகங்கொடுத்தார். அதுவும் ஒரு வெற்றிதான். அவ்வாறே, விசுவாசமுள்ளவரின் பந்து குழிக்குள் விழும், மற்றவருடையது ஓடையில் விழும் என்று எவரும் இந்த வரலாற்றிலிருந்து முடிவுகட்ட வேண்டாம். வெற்றிக்குப்பின் ஸ்டூவர்ட் தேவனுக்கு நன்றி சொன்னார். தமக்கிருந்த நம்பிக்கை அவரிடமிருந்து வந்தது என்றார். அது ஒரு மனிதரின் நன்றி, வெற்றிக்கான சூத்திரமன்று.

ஆயினும் இரண்டு உயர்புல் இடங்களுக்கும் இடையே ஒரு வித்தியாசம் உண்டு. நெருக்கடி நேரத்தில் தவறு நேர்ந்தவுடன், அதை ஒரே வீச்சில் அழித்துவிட வேண்டும் என்று மனம் துடிக்கிறது. கடன்பட்டவர் பெருங்கடன் வாங்கி அதை அடைக்க முயல்வதும், பொய் சொன்னவர் பெரிய பொய்யால் அதை மூட முயல்வதும் இந்தத் துடிப்பினால்தான். தவறுக்குரிய ஓர் அடியை அங்கேயே கொடுத்துவிட்டு ஒழுங்கான நிலத்துக்குத் திரும்புவது வெட்கமாகத் தோன்றும். பைன்ஹர்ஸ்டில் அந்தச் சிறிய வெட்கத்தை ஒருவர் ஏற்றுக்கொண்டார். பிறகு செய்யவேண்டியதாக அவருக்கு எஞ்சியிருந்தது, தலையை நிமிர்த்தாமல் ஒரு பந்தைத் தட்டுவது மட்டுமே. அதையும் தாமாகக் கண்டுபிடிக்கவில்லை. உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களுள் ஒருவராயிருந்தும், மனைவியின் சொல்லைக் கேட்டார்.

அந்த ஆண்டு அக்டோபர் 25 அன்று ஸ்டூவர்ட் பயணம் செய்த சிறு விமானம் காற்றழுத்தத்தை இழந்து, ஓட்டுவாரின்றி நெடுந்தூரம் பறந்து, தெற்கு டகோட்டா மாநிலத்தின் வயல்வெளியில் விழுந்தது. அதிலிருந்த ஆறு பேரும் மாண்டார்கள். அவருக்கு வயது 42. பைன்ஹர்ஸ்டின் அந்த மாலை, அவருடைய வாழ்வின் கடைசிக் குழிகளுக்கு எவ்வளவு அருகிலிருந்தது என்பதை அவர் உட்பட எவரும் அறிந்திருக்கவில்லை.

இந்த வாரம் உங்களில் சிலர் ஏதோ ஒரு கடைசிக் குழியின் ஓரத்தில் நிற்கிறீர்கள் என்பதை அறிவேன். முடிவு என்னவாகும் என்று பார்க்கத் தலை தானே நிமிரும். அது இயல்புதான். எனினும் கையிலிருக்கும் வேலை முடியும்வரை கண்களை அதன்மேலேயே வைத்திருங்கள். அது முடிந்து நிமிரும்போது, பந்து எங்கே இருக்கிறது என்று பார்ப்பதோடு, அருகே நிற்பவரின் முகத்தையும் பாருங்கள்.