எரிந்த வால்வுகளும் ஈயப் பெட்ரோலும்

பெட்ரோல் என்ஜினின் உறுப்புகளில் மிகக் கடுமையான வெப்பத்தில் வேலை செய்வது, எரிந்து முடிந்த வாயுவைச் சிலிண்டரிலிருந்து வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு ஆகும். புதுக் காற்றையும் பெட்ரோலையும் உள்ளே விடும் இன்லெட் வால்வை, அந்தக் குளிர்ந்த கலவையே ஒவ்வொரு சுற்றிலும் தணித்துவிடுகிறது. எக்ஸாஸ்ட் வால்வுக்கு அந்தத் தணிப்பு கிடைப்பதில்லை. முழுச் சுமையில் அதன் தலைப்பகுதி 700 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சிவந்துவிடும். அந்த வெப்பத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு, வால்வு மூடியிருக்கும் நேரத்தில், அது அமரும் வளையமான சீட் வழியாகச் சிலிண்டர் ஹெட்டுக்குள் இறங்கிவிடுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி தண்டின் வழியாக, அதைத் தாங்கும் கைடு என்னும் குழாய்க்குச் செல்கிறது. எனவே வால்வு பிழைத்திருப்பது, அது சீட்டின்மீது எவ்வளவு நேரம், எவ்வளவு முழுமையாக அமர்கிறது என்பதைப் பொறுத்ததே. கார்பன் துணுக்கு ஒன்று இடையில் சிக்கினாலோ, தண்டு கைடுக்குள் ஒட்டிக்கொண்டாலோ, ஓரத்தில் மயிரிழை அளவுக்கு இடைவெளி விழுகிறது. அழுத்தம் ஏறிய தீ அதன் வழியே பீறிட்டு ஓரத்தை அரித்து வாய்க்காலாக்குகிறது. அந்தச் சிலிண்டர் அழுத்தத்தை இழந்து என்ஜின் தடுமாறத் தொடங்குகிறது. பட்டறைகளில் ‘வால்வு எரிந்துவிட்டது’ என்று சொல்லப்படுவது இந்த நிலையைத்தான்.

மோட்டார் வாகனத்தின் முதல் கால் நூற்றாண்டில் இது வழக்கமான தேய்மானமாகவே ஏற்றுக்கொள்ளப்பட்டது. 1908ஆம் ஆண்டு வெளிவந்த ஃபோர்டு ‘மாடல் டி’ காரின் வால்வுகள் வார்ப்பிரும்புத் தலையை எஃகுத் தண்டில் பற்றவைத்துச் செய்யப்பட்டவை. வால்வுக்கும் அதைத் தள்ளும் உறுப்புக்கும் இடையிலான இடைவெளியைத் திருகிச் சரிசெய்யும் வசதியும் அதில் இல்லை. சில ஆயிரம் மைல்களுக்கு ஒருமுறை ஹெட்டைக் கழற்றிக் கார்பனைச் சுரண்டி, வால்வுக்கும் சீட்டுக்கும் இடையே கிரைண்டிங் பேஸ்ட் தடவி, இரண்டு முகங்களிலும் மங்கிய சாம்பல் நிற வளையம் ஒரே சீராகத் தெரியும்வரை முன்னும் பின்னுமாகச் சுழற்றித் தேய்ப்பது ஓட்டுநர்களே கற்றுக்கொண்ட வேலையாக இருந்தது. இந்தத் தொல்லையே இல்லாத என்ஜின் ஒன்றும் அக்காலத்தில் இருந்தது. அமெரிக்கரான சார்லஸ் யேல் நைட், வால்வுகளின் சத்தத்தை ஒழிப்பதற்காக, துளைகளிட்ட உறைகள் சிலிண்டருக்குள் மேலும் கீழும் நகரும் அமைப்பை உருவாக்கினார். இங்கிலாந்தின் டெய்ம்லர் நிறுவனம் அதை 1909 முதல் தன் கார்களில் பயன்படுத்தியது. எரிவதற்கு வால்வே இல்லாத அந்த என்ஜின் எண்ணெயை மிகுதியாகக் குடித்ததாலும், செய்வதற்குச் செலவு கூடியதாலும், சாதாரண வால்வின் உலோகம் தேறியதும் பின்தங்கிப்போனது.

அந்தத் தேர்ச்சி விமானத்திலிருந்து வந்தது. முதல் உலகப் போரின்போது காற்றால் குளிரும் என்ஜின்களை ஆராய்ந்த ஆங்கிலேயப் பொறியாளர் சாம் ஹெரான், பின்னர் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலுள்ள மெக்குக் ஃபீல்டு விமான ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியபோது, உள்ளே குடைவான வால்வுத் தண்டில் சோடியத்தைப் பாதியளவுக்குமேல் நிரப்பும் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 98 டிகிரியிலேயே உருகிவிடும் சோடியம், வால்வு ஏறி இறங்கும்போதெல்லாம் உள்ளே குலுங்கி, தலையின் வெப்பத்தைத் தண்டுக்குக் கடத்துகிறது. 1927இல் சார்லஸ் லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்த விமானத்தின் ரைட் ‘வேர்ல்விண்ட்’ என்ஜின் 33 மணி நேரத்துக்கும் மேல் இடைவிடாமல் ஓடியதில் இத்தகைய வால்வுகளுக்குப் பெரும் பங்குண்டு. இதே காலத்தில் சிலிக்கனும் குரோமியமும் கலந்த எஃகு கார் வால்வுகளுக்கு வந்தது. எல்வுட் ஹெய்ன்ஸ் கண்டறிந்த, கோபால்ட்டும் குரோமியமும் அடங்கிய ஸ்டெல்லைட் என்னும் கடின உலோகக் கலவையை வால்வின் முகத்தில் பூசும் வழக்கமும், கடின எஃகு வளையத்தைச் சீட்டாகப் பதிக்கும் வழக்கமும் விமான என்ஜின்களிலும் கனரக வாகனங்களிலும் பரவின. இரண்டாம் உலகப் போருக்கு முன்பே நோய்க்கு மருந்து கையில் இருந்தது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஏனெனில் சாதாரணக் கார் அந்த மருந்தை நாடாமல் வேறொரு வழியில் சென்றது.

அந்த வழி ஈயம். 1921 டிசம்பரில் அமெரிக்கப் பொறியாளர் தாமஸ் மிட்ஜ்லியும் அவருடைய குழுவினரும், டெட்ரா எதில் லெட் என்னும் ஈயச் சேர்மத்தைச் சிறிதளவு பெட்ரோலில் கலந்தால் என்ஜினின் ‘நாக்கிங்’, அதாவது கலவை கட்டுமீறி வெடிப்பதால் எழும் தட்டல், நின்றுவிடுவதைக் கண்டனர். 1923 பிப்ரவரியில் அது டேட்டன் நகரில் விற்பனைக்கு வந்தது. முதலில் அது வால்வுகளுக்குப் பகையாகவே இருந்தது, ஏனெனில் எரிந்த ஈயம் ஆக்சைடாகப் படிந்து வால்வின் முகத்தைக் கெடுத்தது. அந்தப் படிவை ஆவியாக்கி வெளியேற்றுவதற்காக எதிலின் டைபுரோமைடு சேர்க்கப்பட்டது. அப்போதும் மெல்லிய ஈயப் படலம் ஒன்று சீட்டில் எஞ்சியது. வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே கடைந்தெடுக்கப்பட்ட மென்மையான சீட்டும் சிவந்த வால்வும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிய்ந்துபோகாமல் அந்தப் படலம் காத்தது. யாரும் திட்டமிடாத இந்தப் பாதுகாப்பை நம்பியே போருக்குப் பிந்தைய கார்களில் பெரும்பாலானவை கடின வளையமின்றி, ஒரு சிறு செலவை மிச்சப்படுத்தித் தயாரிக்கப்பட்டன. ஈயத்துக்கான விலையை மனித உடல்கள் கொடுத்தன. 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியின் பேவே சுத்திகரிப்பு நிலையத்தில் இந்தச் சேர்மத்தைத் தயாரித்த தொழிலாளர் ஐவர் நஞ்சேறிச் சித்தம் கலங்கி இறந்தனர். அதன் பின்னரும் ஐம்பதாண்டுக்கும் மேலாக நகரத்துக் குழந்தைகள் அந்த ஈயத்தைச் சுவாசித்தனர். பொறியியல் வரலாற்றில் இதைவிடக் கொடிய சிக்கனம் அரிது.

ஈயம் இருந்த காலத்திலும் வால்வுகள் எரியாமல் இல்லை. பராமரிப்புக் குறைவு அதற்குப் போதுமானதாக இருந்தது. வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் இடையே விடப்படும் டேப்பட் இடைவெளி, சூட்டில் தண்டு நீள்வதற்கான இடமாகும். சீட் தேயத் தேய இந்த இடைவெளி குறுகுகிறது. அது மறையும்போது வால்வு முழுதாக மூடாமல் எரிகிறது. இடைவெளி கூடினால் ‘டிக் டிக்’ என்ற ஓசை எச்சரிக்கும், குறைந்தால் எந்த ஓசையும் எழாது என்பதால், அமைதியாக ஓடும் பழைய என்ஜினையே அனுபவமுள்ள மெக்கானிக்குகள் ஐயத்தோடு பார்த்தனர். காற்றால் குளிரும் ஃபோக்ஸ்வாகன் ‘பீட்டில்’ காரில் மூன்றாம் சிலிண்டருக்கு வரும் காற்றை எண்ணெய்க் குளிர்விப்பான் மறித்ததால் அந்தச் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வே முதலில் கெடுவது வழக்கமாயிருந்தது. 1971ஆம் ஆண்டு மாடலில்தான் குளிர்விப்பான் ஒதுக்கி வைக்கப்பட்டது. இந்தியாவின் அம்பாசடருக்கு 1959 முதல் கிடைத்த 1,489 சிசி பி.எம்.சி. என்ஜினில், நடுவிலுள்ள இரண்டு சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் வால்வுகள் ஒரே வாசலைப் பகிர்ந்துகொண்டதால் அந்த இடம் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தது. ஃபீலர் கேஜ் என்னும் தகட்டளவி கொண்டு 0.015 அங்குல இடைவெளியைத் தவறாமல் சரிபார்த்தது அந்தக் காரின் வால்வுகளுக்கு ஆயுளைக் கூட்டியது.

புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை ஈயம் பாழாக்கிவிடும் என்பதால், 1975 மாடல் ஆண்டிலிருந்து அமெரிக்கப் புதுக் கார்களில் பெரும்பாலானவை ஈயமற்ற பெட்ரோலுக்கு மாறின. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரலில் வந்த ஈயமற்ற பெட்ரோல், 2000 பிப்ரவரி 1 முதல் இந்தியா முழுவதற்கும் உரியதாயிற்று. படலத்தை இழந்த பழைய சீட்டுகள் நீண்ட நேர அதிவேக ஓட்டத்தில் அரிக்கப்பட்டு, வால்வு ஹெட்டுக்குள் புதைந்து, டேப்பட் இடைவெளி மறைந்து, பழைய எரிதலே திரும்பியது. நகரத்துக்குள் மெதுவாக ஓடிய கார்களை இது அவ்வளவாகத் தொடவில்லை. அலுமினிய ஹெட் கொண்ட என்ஜின்கள் தொடக்கத்திலிருந்தே எஃகு வளையத்தோடு வந்தவை என்பதால் அவையும் பெரும்பாலும் தப்பின. வார்ப்பிரும்பு ஹெட்டுகளுக்கோ, சீட்டைக் கடைந்து அகற்றி அங்கே கடின வளையத்தை இறுக்கிப் பதிக்கும் வேலை லேத் பட்டறைகளுக்கு வந்துசேர்ந்தது. விமான என்ஜின்கள் அரை நூற்றாண்டுக்கு முன்பே பெற்றிருந்த அதே வளையம்தான் அது.